ஷாப்லியோ மஸ்கடேயோ, நந்திக்கடல் இறாலுக்கு எது?

அத்தான் பாரிஸில இருந்து வரேக்க ஷாப்லி, மஸ்கடே எண்டு ரெண்டு பிரெஞ்சு வெள்ளை வைன் கொண்டந்தவர், ரெண்டிலயும் இனிப்பில்ல, முல்லைத்தீவில இறால் பிரட்டலோட குடிச்சுப் பாத்தம். ஷாப்லி பிரான்சின்ர பேர்கண்டிப் பகுதிக்குள்ள வடக்குப் பக்கம், சார்டனே எண்ட முந்திரிகைப்பழம் மட்டும்தான், 15 கோடி வருசத்துக்கு முந்திக் கடலா இருந்த இடம், சுண்ணாம்பு மண்ணுக்குள்ள இப்பவும் குட்டிக்குட்டிச் சிப்பி ஓடு கிடக்கு, குளிர் ஊர் எண்டதால புளிப்பு கூர்மையா நிக்குது. மஸ்கடே பிரான்சின்ர மேற்கில நாந்த் நகரப் பக்கம், அத்திலாந்திக் கரை. 1709 உறைபனியில கொடியெல்லாம் செத்தாப்பிறகு குளிர் தாங்கிற மெலோன் எண்ட முந்திரிகைக் கொடியத்தான் அங்க கனக்க நட்டவை. நல்ல மஸ்கடேய மாரிகாலம் முழுக்க ஈஸ்ட் மண்டியோடயே விட்டுத்தான் போத்தலில அடைக்கிறது, எங்கட கள்ளு முட்டியின்ர அடியில கிடக்கிற அதே மண்டிதான், அதால லேசா பாண் வாசம் வரும். உறைப்பு இறாலுக்கு எனக்கு மஸ்கடேதான். ஷாப்லிய பொரிச்ச மீனுக்குத் தேசிக்காய் விட்டுச் சாப்பிடேக்க திறவுங்கோ.