தாத்தாவோட அண்ணன் பர்மாவுல செத்த தேதிய தேடித் தந்த சைட் - காமன்வெல்த் வார் கிரேவ்ஸ் கமிஷன், 5க்கு 4

ரிவ்யூ எழுதுற பழக்கம் எல்லாம் எனக்கு இல்ல, ஓட்டல்ல சாப்ட்டு வந்தா கூட ஸ்டார் போட மாட்டேன். ஆனா இதுக்கு எழுதியே ஆகணும், ஏன்னா நான் தேட ஆரம்பிச்சப்ப தமிழ்ல இதப் பத்தி ஒருத்தரும் உருப்படியா எழுதி வெக்கல.

விஷயம் இதுதான். எங்க தாத்தாவோட அண்ணன், நாங்க பெரிய தாத்தானு சொல்லுவோம், ரெண்டாம் உலகப் போர்ல பட்டாளத்துக்குப் போனவரு திரும்பி வரல. நாங்க பழைய வடஆற்காடு ஜில்லா, அந்தப் பக்கம் வீட்டுக்கு ஒரு ஆள் பட்டாளத்துக்குப் போன ஊருங்க நெறைய. செத்துட்டாருனு தந்தி வந்துச்சாம், அந்தத் தந்திய கூரைல சொருகி வெச்சு அது கரையான் தின்னுடுச்சு. அப்பறம் ஆளுக்கு ஒரு கதை, ஒரு மாமா சிங்கப்பூர்ங்கறாரு, சித்தப்பா அரபு நாடுங்கறாரு, இன்னொருத்தர் கப்பல் முழுகிடுச்சுனு சத்தியம் பண்றாரு. தேதி யாருக்கும் தெரியாது. அதனால அவருக்குனு தனியா திதி கிடையாது, வருஷா வருஷம் மகாளய அமாவாசைல எல்லாரோடயும் சேத்து ஒரு பிண்டம், அவ்ளோதான். அவரோட சம்சாரம், எங்க பெரிய ஆயா, கண்ண மூடுற வரைக்கும் "அந்த மனுசன் என்னைக்குப் போச்சுனு கூட தெரிலயே"னு சொல்லிட்டே இருக்கும்.

சரி, சைட்டுக்கு வரேன். இந்தக் கமிஷன் 1917ல ஆரம்பிச்சது, ரெண்டு உலகப் போர்லயும் செத்துப்போன பிரிட்டிஷ் சாம்ராஜ்ய படைக்காரங்க 17 லட்சம் பேருக்கு மேல கணக்கு வெச்சிருக்காங்க, நம்ம இந்திய ஆர்மி ஆளுங்களும் அதுல அடக்கம். தேடுறது முழுக்க ஃப்ரீ, அக்கவுன்ட் கூட வேணாம். இத முதல்லயே ஏன் சொல்றேன்னா, நான் இதுக்கு முன்னாடி ஒரு ஆள்ட்ட ஏமாந்தேன். "உங்க முன்னோரோட முழு சர்வீஸ் ரெக்கார்ட் எடுத்துத் தரோம்"னு ஆன்லைன்ல ஒரு விளம்பரம், 6,500 ரூபா கட்டுனேன், ரெண்டு மாசம் கழிச்சு தங்கக் கலர் பார்டர் போட்ட ஒரு சர்டிஃபிகேட் வந்துச்சு. பேர் கிட்டத்தட்ட அதே, ஊர் வேற, அப்பா பேர் வேற. அப்பறம் பாத்தா அது இந்த சைட்ல எவன் வேணா ஃப்ரீயா டவுன்லோட் பண்ணிக்கற பிடிஎஃப்தான், இவங்க பார்டர் மட்டும் போட்டுருக்காங்க. பேர் சொல்ல விரும்பல, ஆனா காசு கேட்டா ஓடிடுங்க.

இப்ப மைனஸ். பேரப் போட்டுத் தேடுனா தலை சுத்தும். வெள்ளைக்காரன் கிளார்க் காதுல விழுந்தத எழுதி வெச்சிருக்கான், சாமினு முடியற பேருக்கெல்லாம் எஸ் ஏ டபிள்யூ எம் ஒய், மு-க்கு எம்முக்கு அப்பறம் ரெண்டு ஓ. ஒரே பேர்ல பக்கம் பக்கமா ஆளுங்க. ஊர் பேரும் பழைய ஸ்பெல்லிங்தான், திருச்சினு போட்டா வராது ட்ரிச்சினாப்பலி, திருநெல்வேலிக்கு டின்னவெல்லி, செங்கல்பட்டுக்கு சிங்கிள்புட். ரெஜிமென்ட் தெரிஞ்சா கொஞ்சம் குறையும், எங்க வீட்ல ரெஜிமென்ட்டும் தெரியாது. மூணு நாள் ராத்திரி உக்காந்து கண்ணு எரிஞ்சதுதான் மிச்சம்.

அப்பதான் மெடல் ஞாபகம் வந்துச்சு. பெரிய ஆயாவோட ட்ரங்க் பொட்டில ஒரு ஆறு முனை நட்சத்திரம் இருக்கும், நடுவுல கிரீடம், சுத்தி எழுத்து. சின்ன வயசுல அத வெச்சு போலீஸ் வெளையாடிருக்கோம். எங்க அத்தை ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் குத்துவிளக்கோட சேத்து அதையும் புளி போட்டு பளபளனு தேய்ச்சு வெப்பாங்க. வெளிய எடுத்துப் பாத்தா முன்னாடி பர்மா ஸ்டார்னு இருக்கு, சரி சிங்கப்பூர் மாமாவும் அரபு சித்தப்பாவும் அப்பவே அவுட்டு. பின்னாடி திருப்பினா வழவழனு ஒண்ணும் இல்லாத மாதிரி இருந்துச்சு. இங்க ஒரு விஷயம், பிரிட்டிஷ்காரங்களுக்கு அந்த ஸ்டார் எல்லாம் பேர் இல்லாமதான் குடுத்தாங்க, இந்திய ஆர்மிக்குக் குடுத்ததுல பின்னாடி நம்பர், ரேங்க், பேர், யூனிட் எல்லாம் அடிச்சுக் குடுத்தாங்க. அத ஒரு எடத்துல படிச்சிட்டு, குட்டிக்கூரா பவுடர எடுத்து மெடல் மேல கொட்டி வெரலால தேய்ச்சு ஊதிட்டு, செல்போன் டார்ச்ச சாய்வா அடிச்சுப் பாத்தேன். மெல்ல மெல்ல நம்பர் தெரிஞ்சுது, அப்பறம் எஸ் பி ஆர், கடைசில ஐ ஈ. எஸ் பி ஆர்னா சாப்பர், அதாவது பட்டாளத்துல ரோடு, பாலம் போடற ஆளு, ஐ ஈ-னா இந்தியன் இன்ஜினியர்ஸ். நம்ம பக்கத்து ஆளுங்கறதால அவரு பெங்களூர் மெட்ராஸ் சாப்பர்ஸாதான் இருக்கணும், பட்டாளத்துல "தம்பிங்க"னு கூப்புடுவாங்களே அந்த செட்டு. பேர்ல பாதி எழுத்து அத்தையோட புளில போய்டுச்சு, ஆனா நம்பர் தப்பிச்சிருச்சு.

அந்த நம்பர சைட்ல சர்வீஸ் நம்பர் கட்டத்துல போட்டேன். ஒரே ஒரு ரிசல்ட். கீழ அப்பா பேர், பெரிய ஆயா பேர், ஊர் பேர் மூணும் கொளறுபடியான ஸ்பெல்லிங்ல, ஆனா எங்க ஊரேதான். எறந்த தேதி 1945 பிப்ரவரி 18. ராத்திரி ஒண்ணே கால் மணிக்கு அப்பாவ எழுப்பிக் காட்டுனேன், அவரு கண்ணாடியத் தேடி மாட்டிட்டு அவரோட பெரியம்மா பேர எழுத்துக் கூட்டி ரெண்டு வாட்டி படிச்சாரு.

அவருக்குத் தனியா கல்லறை இல்ல, ரங்கூன் மெமோரியல்ல பேரு. யாங்கோன்ல இருந்து வடக்க 35 கிலோமீட்டர் போல, டாக்யான்ங்கற எடத்துல இருக்கு, ஒடம்பு கெடைக்காத சுமார் 27,000 பேரோட பேர தூண் தூணா செதுக்கி வெச்சிருக்காங்க, எந்தத் தூண்ல எந்தப் பக்கம்னு கூட சைட்ல போட்டுருக்கு. அங்க கல்வெட்டுல, மத்த வீரர்களுக்குக் கெடச்ச ஈமச்சடங்கு கூட இவங்களுக்குக் கெடைக்காம போச்சுங்கற மாதிரி ஒரு வரி வரும், அதப் படிச்சப்ப எனக்கு மகாளய அமாவாசை பிண்டம்தான் ஞாபகம் வந்துச்சு. இன்னொரு கல்வெட்டு இங்கிலீஷ், பர்மீஸ், ஹிந்தி, உருது, குர்முகினு அஞ்சு பாஷைல இருக்கு. தமிழ் இல்ல. இத்தன தம்பிங்க பேர் இருக்கற எடத்துல ஒரு வரி தமிழ்ல போட்ருக்கலாம்.

எப்படி செத்தாருனு இந்த சைட் சொல்லாது. தேதி, ரேங்க், யூனிட், எடம், அவ்ளோதான். அந்த மாசம் ஐராவதி ஆத்தத் தாண்டுற சண்டை, படகும் மிதவையும் பாக்கறது சாப்பர்ஸ் வேலை, அதனால அங்கதான் இருந்திருப்பாருனு நானா நெனச்சுக்கறேன். உறுதியாத் தெரியணும்னா அவரு இருந்த கம்பெனியோட, அதாவது பட்டாளப் பிரிவோட, வார் டயரி பாக்கணும், அன்னன்னைக்கு நடந்தத எழுதி வெச்ச குறிப்பு அது, பர்மா பக்கத்து டயரிங்க லண்டன் நேஷனல் ஆர்க்கைவ்ஸ்ல டபிள்யூ ஓ 172னு ஒரு வரிசைல இருக்கு, அதுக்கு மொதல்ல கம்பெனி நம்பர் தெரியணும்.

உங்க தாத்தா உயிரோட திரும்பி வந்தவரா இருந்தா இந்த சைட்ல தேடி டைம் வேஸ்ட் பண்ணாதீங்க, செத்தவங்க கணக்கு மட்டும்தான், அதுவும் ரெண்டாம் போருக்கு 1939 செப்டம்பர்ல இருந்து 1947 டிசம்பர் வரைக்கும். உயிரோட வந்தவங்களுக்கு அந்தந்த ரெஜிமென்ட் ரெக்கார்ட் ஆபீஸுக்குத்தான் எழுதணும், சாப்பர்ஸ்னா பெங்களூர், மெட்ராஸ் ரெஜிமென்ட்னா ஊட்டி பக்கத்து வெலிங்டன். நம்பர் இல்லாம எழுதாதீங்க, பேர வெச்சு அவங்க மட்டும் எங்க போய் தேடுவாங்க. நேதாஜியோட ஐஎன்ஏ-னா டெல்லி நேஷனல் ஆர்க்கைவ்ஸோட அபிலேக் படல் போர்ட்டல பாருங்க. பஞ்சாப்காரங்களுக்கு முதல் உலகப் போர் ரெஜிஸ்டர் லாகூர் மியூசியத்துல கெடந்தது, 3,20,000 பேர் கிட்ட அதுல இருக்காங்க, அத ஆன்லைன்ல ஏத்த ஆரம்பிச்சாங்க, நம்ம ஜில்லாங்களுக்கு அது மாதிரி ஒண்ணு இருந்தா நான் பவுடர் கொட்டிட்டு உக்காந்திருக்க மாட்டேன்.

ஒரு ஸ்டார் கொறச்சது ஸ்பெல்லிங் தேடலுக்காக. மத்தபடி குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல.

தேதிய ஐயர்ட்ட குடுத்தோம், பழைய பஞ்சாங்கம் பாத்து தாரண வருஷம் மாசி மாசம் வளர்பிறை சஷ்டினு எழுதிக் குடுத்தாரு. வர்ற மாசிக்கு மொத திதி. அத்தைட்ட மட்டும் சொல்லி வெச்சிருக்கு, குத்துவிளக்கோட நிறுத்திக்கோங்க, மெடலுக்கு இனிமே புளி வேணாம்னு.