மலிவு விலை மூழ்கும் தீவனம்: மிர்காலுக்குச் சரி, கட்லாவுக்கு இல்லை

குளத்து மீனுக்கு மிதக்கும் தீவனம் கட்டுப்படியாகாமல் இந்த மலிவான மூழ்கும் குருணைக்கு மாறினேன். மூட்டையில் புரதம் 24 சதவீதம் என்று போட்டிருக்கிறது. கட்லா, மிர்கால் போன்ற வளர்ந்த கெண்டை மீனுக்கு ஓரளவு போதும், குஞ்சுகளுக்குப் போதாது. ஒரு பிடியை டம்ளர் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். பத்து நிமிடத்துக்குள் கரைந்து கூழாகிவிட்டது. இதுதான் பெரிய குறை. கரைந்தது மீன் வயிற்றுக்குப் போகாது, தண்ணீரைத்தான் கெடுக்கும். அதனால் வீசாமல், தட்டில் வைத்து இறக்குகிறேன். கொஞ்ச நேரம் கழித்துத் தூக்கினால் மிச்சம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். அடியில் மேயும் மிர்கால் நன்றாகத் தின்கிறது. மேலேயே சுற்றும் கட்லா அவ்வளவாகச் சீண்டுவதில்லை. மூட்டையின் அடியில் தூசும் அதிகம்.

அப்புறம், கடலைப் புண்ணாக்கும் அரிசித் தவிடும் சரிபாதி கலந்தாலே ஏறக்குறைய இதே புரதம் கிடைத்துவிடும். பூஞ்சை பிடிக்காத புண்ணாக்காகப் பார்த்து வாங்கவேண்டும், அவ்வளவுதான். அது கைக்கு எட்டுகிறவர்களுக்கு இந்த மூட்டை தேவையில்லை.