சீபாப் மெஷினும் தொற்றுக் காலமும்: பல வருட அனுபவம்

ஸ்லீப் ஆப்னியாவுக்காக, அதாவது தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறுக்காக, பல வருடங்களாக சீபாப் மாட்டிக்கொண்டுதான் தூங்குகிறேன். மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தி, மூச்சுவழி மூடாமல் பார்த்துக்கொள்ளும் மெஷின் அது. கொரோனாக் காலமும் அதன்பின் வந்த ஃப்ளூ சீசன்களும் இதோடுதான் கழிந்தன. மெஷின்மேல் எனக்குக் குறையே இல்லை. பகலில் தூங்கி வழிந்ததெல்லாம் போயே போச்சு. ஆனால் எனக்குச் சளி, காய்ச்சல் என்று வந்துவிட்டால், பக்கத்தில் படுப்பவரைப் பற்றித்தான் முதலில் யோசிக்க வேண்டியிருக்கிறது.

"அதான் ஃபில்டர் இருக்கே" என்பார்கள். அந்த ஃபில்டர், மெஷின் உள்ளே இழுக்கும் காற்றிலுள்ள தூசிக்கு. நாம் விடும் மூச்சு அந்தப் பக்கம் போவதே இல்லை. மாஸ்க்கில் இருக்கும் பொடித் துளைகள் வழியாக நேராக அறைக்குள் வந்துவிடும். கரியமில வாயு மாஸ்க்குக்குள் தேங்காமலிருக்க வேண்டுமென்றே வைத்த துளைகள் அவை. டேப் ஒட்டி அடைத்தால் ஆபத்து நமக்குத்தான். ஆக, தொற்று உள்ளவர் இதைப் போட்டுத் தூங்கினால் கிருமியோடு கூடிய நுண்துளிகள் ராத்திரி முழுக்க அறையில் பரவலாம். கொரோனா வந்தவர்கள் தனி அறையில் படுக்கும்படி 2020-ல் அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி சொன்னதும் இதனால்தான்.

மருத்துவமனைகளில் போடும் வைரஸ் ஃபில்டரை வாங்கி மெஷின் வாயில் செருகிவிடலாமே என்று என்னிடமே சிலர் கேட்டிருக்கிறார்கள். பிரயோஜனமில்லை. மூச்சு அதற்கு முன்பே துளை வழியாக வெளியேறிவிடுகிறது. துளையில்லாத மாஸ்க், அதையடுத்து ஃபில்டர், அதற்கப்புறம் காற்று வெளியேறும் வழி என்று மொத்த அமைப்பையும் மாற்றினால்தான் பலன். காற்றை ஈரப்படுத்தும் ஹ்யூமிடிஃபையரின் ஈரத்தில் ஃபில்டர் நனைந்தால் அழுத்தமும் மாறும். வீட்டில் நாமாகச் செய்து பார்க்கிற வேலையில்லை இது.

மருந்தைப் பனிப்புகைபோல ஆக்கி மூச்சோடு இழுக்கவைக்கும் நெபுலைசரிலும் இதே சங்கடம் உண்டு. 2003-ல் ஹாங்காங்கின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மருத்துவமனையில் சார்ஸ் பரவியபோது, முதல் நோயாளிக்குக் கொடுத்த நெபுலைசர்மீதும் சந்தேகம் விழுந்தது. நெபுலைசருக்குப் பதிலாக, ஸ்பேசர் என்ற குழாய் மாட்டிய இன்ஹேலர் போதுமா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

சீபாப் மாஸ்க்கையும் குழாயையும் ஓசோன் வாயுவால் சுத்தம் செய்யும் ஓசோன் கிளீனர் விளம்பரங்களை நான் கண்டுகொள்வதில்லை. அந்தக் கருவிகளுக்கு அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020-லேயே எச்சரித்தது. வெதுவெதுப்பான நீரும் மிதமான சோப்பும் போதும்.

தொற்றுக்குப் பயந்து மெஷினையே நிறுத்துவது மட்டும் எனக்கு ஒப்பவில்லை. காய்ச்சலில் கிடக்கும் உடம்புக்கு ராத்திரி ஆக்சிஜனும் இறங்கினால் இரட்டைச் சுமை. எனக்கு உடம்புக்கு முடியாத நாட்களில் தனி அறை, மூடிய கதவு, வெளிப்பக்கம் திறந்த ஜன்னல். காலையில் மாஸ்க்கைக் கழற்றியதும் யாரையும் உடனே உள்ளே விடுவதில்லை. காற்று மாறக் கொஞ்ச நேரம் வேண்டும். தனி அறைக்கு வழியே இல்லாதவர்கள், சில நாள் நிறுத்தலாமா என்பதை டாக்டரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். ஆப்னியா எவ்வளவு கடுமை என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.