நியூ ஜெர்சி டவுன்ஷிப் சுற்றுச்சூழல் கமிஷன்கள்: எந்த நிகழ்ச்சிக்குப் போகலாம், எங்கே கோட்டை விடுகிறார்கள்

மத்திய நியூ ஜெர்சியில் வீடு வாங்கிக் குடியேறிய தமிழர்களில் பலருக்கு டவுன்ஷிப் என்றால் சொத்து வரி, குப்பை வண்டி, நூலகம், அவ்வளவுதான். மாதம் ஒரு மாலை அதே நகராட்சிக் கட்டடத்தில் சுற்றுச்சூழல் கமிஷன் கூடுவதும், மழைநீர்ப் பீப்பாய், மரக்கன்று என்று வீட்டுக்குப் பயன்படும் பொருள்களை இலவசமாகவோ குறைந்த விலைக்கோ கொடுப்பதும் தெரிவதில்லை. மாநிலத்தின் 564 நகராட்சிகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் இப்படியொரு கமிஷன் இருக்கிறது.

1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து முதல் ஏழு உறுப்பினர்கள் வரை இருக்கலாம். நியமிப்பவர் மேயர். பதவிக்காலம் மூன்றாண்டு, சம்பளம் கிடையாது. ஒருவர் கட்டாயம், கட்டுமானத் திட்டங்களைப் பரிசீலிக்கும் நகராட்சித் திட்டக்குழுவிலும் இருப்பவராக இருக்க வேண்டும். ஆய்வு செய்யலாம், ஆலோசனை சொல்லலாம், வரைபடமும் துண்டறிக்கையும் அச்சிட்டு விநியோகிக்கலாம். யாருக்கும் அபராதம் போட முடியாது. எடுத்துச் சொல்லி நம்ப வைப்பதுதான் இவர்கள் கையிலுள்ள கருவி என்பதால், அதை எவ்வளவு நன்றாகச் செய்கிறார்கள் என்று கறாராகப் பார்க்கத்தான் வேண்டும்.

இருப்பதிலேயே சிறந்தது, கூரைத் தண்ணீரைத் தோட்டத்துக்குப் பிடித்துவைக்கும் மழைநீர்ப் பீப்பாய்ப் பட்டறை. ரட்கர்ஸ் பல்கலைக்கழக விரிவாக்கத் துறை பல ஊர்களில் கமிஷன்களோடு சேர்ந்து இதை நடத்தியிருக்கிறது. உணவுப்பொருள் வந்த 55 கேலன் பிளாஸ்டிக் பீப்பாயில் நீங்களே துளையிட்டு, குழாய் பொருத்தி, வலை கட்டி, வண்டியில் ஏற்றிக்கொண்டு வரலாம். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் சுமார் 623 கேலன் தண்ணீர் இறங்கும். அதாவது, தொண்ணூறு சதுர அடிகூட இல்லாத கூரைப் பகுதியே அந்தப் பீப்பாயை நிரப்பிவிடும். அதனால் மேலே நிரம்பி வழியும் தண்ணீருக்கான குழாய் அடியிலுள்ள குழாயைவிட முக்கியம். அதை அஸ்திவாரத்திலிருந்து நன்றாகத் தள்ளி விடாவிட்டால் தண்ணீர் நேராக பேஸ்மென்ட்டுக்குத்தான் போகும்.

பட்டறையில் எல்லோரும் தடுமாறும் இடம் அடியிலுள்ள குழாய். துளையை ரொம்பக் கீழே போட்டால் பீப்பாயின் வளைவில் வாஷர் சரியாக உட்காராமல் கசியும். ரொம்ப மேலே போட்டால் அடியில் தண்ணீர் தேங்கி நாறும். பக்கம் நேராக நிமிரும் இடத்துக்குச் சற்று மேலே போட வேண்டும். உள்பக்க நட்டை ஒருவர் கைவிட்டுப் பிடிக்க, இன்னொருவர் வெளியிலிருந்து திருக வேண்டும். ஆகவே துணைக்கு ஓர் ஆளோடு போவது நல்லது. நிரம்பிய பீப்பாய் இருநூறு கிலோவுக்கு மேல் கனக்கும். வெறும் மண்ணில் வைத்தால் ஒரே மழையில் ஒரு பக்கம் அமிழ்ந்து சாய்ந்துவிடும். மண்ணைச் சமன்படுத்தி கான்கிரீட் கட்டைகள் மேல் வையுங்கள். அந்த உயரம் இருந்தால்தான் குழாயில் வேகமும் வரும். கொசு வலையில் கிழிசல் கூடாது. உறைபனி தொடங்குமுன் காலி செய்து கவிழ்த்து வைக்காவிட்டால் பீப்பாய் வெடிக்கும். இங்கே பெரும்பாலும் தார் ஓட்டுக் கூரைதான். அதனால் கத்திரிக்காய், வெண்டைக்காய்க்கு ஊற்றுவதானால் இலையில் படாமல் வேரில் ஊற்றி, பறித்ததைக் குடிநீரில் கழுவிச் சமையுங்கள்.

இவ்வளவு நல்ல பட்டறைக்கும் ஒரு குறை உண்டு. டவுன்ஹவுஸில் இருப்பவர்கள் பீப்பாய் வைக்க வீட்டு உரிமையாளர் சங்கத்தின் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். அறிவிப்பில் இதை யாரும் எழுதுவதில்லை. வாங்கிப் போனவர் அதை கராஜில் போட்டுவைக்கிறார். பதிவுப் படிவத்தில் ஒரு வரி சேர்த்தால் தீர்ந்துபோகும் விஷயம் இது.

ஏப்ரல் கடைசி வெள்ளியை ஒட்டி நடக்கும் மரக்கன்று விநியோகத்துக்கும் தயங்காமல் போகலாம். கொடுப்பது பெரும்பாலும் தொட்டியில்லாத, மண்ணில்லாத வெறும் வேர்க்கன்று. அந்த வேரில் வெயிலும் காற்றும் பட்டால் மிகச் சீக்கிரம் காய்ந்துவிடும். ஈரச் செய்தித்தாளில் சுற்றித் தருகிறார்களா என்று கவனியுங்கள். இல்லையென்றால் நீங்களே ஈரத் துணி கொண்டுபோங்கள். அன்றைக்கே நட வேண்டும். ஆனால் தோண்டுவதற்கு மூன்று வேலை நாள் முன்பே 811 என்ற தொலைபேசி எண்ணை அழைத்து நிலத்தடிக் குழாய், கம்பிகளைக் குறிக்கச் சொல்ல வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வெள்ளிக்கிழமை கன்று வாங்குபவர் திங்களன்றே அழைத்துவிட வேண்டும். இதைக் கன்றோடு தரும் சீட்டில் போட்டு என்ன பயன்? பதிவு செய்தவர்களுக்கு முந்தைய வாரமே மின்னஞ்சலில் போக வேண்டும். மானுக்கு வேலி போடச் சொல்லாத விநியோகமும் பாதி வீண். நட்ட கன்று ஒரே இரவில் மொட்டையாகிவிடும்.

கிரீன் ஃபேர் எனப்படும் சுற்றுச்சூழல் திருவிழாக்களில் கமிஷன்கள் போடும் மேசைகளைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகமில்லை. பத்து வகைத் துண்டறிக்கை, ஒரு பேனா, ஒரு துணிப்பை. வருபவர் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகிறார், எதையும் படிப்பதில்லை. மழைநீர் வடிகால்களுக்கு மாநிலம் தரும் அனுமதியின் விதிகளின்படி, நகராட்சிகள் ஆண்டுக்கு 12 புள்ளிகள் சேரும் அளவுக்கு மக்கள் கல்வி நிகழ்ச்சிகள் நடத்திக் காட்ட வேண்டும். நிகழ்ச்சி நடந்தால் புள்ளி கிடைத்துவிடும், யாருடைய பழக்கம் மாறியது என்று அங்கே கேள்வியில்லை. மேசைகள் பெருகுவதற்கு இதுவும் ஒரு காரணம். இதைவிட ஒரே ஒரு செய்தியை அது தேவைப்படும் மாதத்தில் சொல்லலாம். உதாரணமாக, 2011-ஆம் ஆண்டு உரச் சட்டப்படி நவம்பர் 15 முதல் மார்ச் 1 வரை வீட்டுப் புல்தரைக்கு உரம் போடக் கூடாது. மண் பரிசோதனையில் தேவை என்று தெரிந்தாலொழிய, வளர்ந்த புல்லுக்குப் பாஸ்பரஸ் உரமும் கூடாது. இதை ஜூன் மாதத் திருவிழாவில் சொன்னால் காற்றோடு போகும். அக்டோபர் கடைசியில் உரக்கடை வாசலில் சொன்னால் காதில் ஏறும். தெருவோர வடிகாலில் விழுவது சுத்திகரிப்பு இல்லாமல் ஓடைக்குப் போகிறது, அங்கிருந்து ராரிட்டன் ஆற்றுக்கு. அந்த ஆற்றில் மில்ஸ்டோன் ஆறு கலக்கும் இடத்தில்தான் குடிநீருக்குத் தண்ணீர் எடுக்கிறார்கள். இதைவிட வலுவான காரணம் வேறென்ன வேண்டும்?

ஏன் எல்லாம் கடைசி நேரத்தில் அறிவிக்கப்படுகிறது என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். அரசுக் குழுக்கள் மக்கள் முன்னிலையில்தான் கூட வேண்டும் என்னும் திறந்த கூட்டச் சட்டப்படி 48 மணி நேர முன்னறிவிப்பில்லாமல் கமிஷன் கூட முடியாது. ஏழு பேரில் நான்கு பேர், அதாவது பெரும்பான்மையினர், வாட்ஸ்அப்பில் திட்டம் பேசினாலும் அதுவும் கூட்டமாகிவிடலாம் என்பதால் சட்டச் சிக்கல். மாதாந்தரக் கூட்டத்தில் முடிவெடுக்கத் தவறினால் ஒரு மாதம் போயிற்று. நன்றாக நடக்கும் கமிஷன்கள் மூன்று பேரைத் துணைக்குழுவாகப் போட்டு, செப்டம்பரிலேயே அடுத்த ஆண்டு நாள்காட்டியையும் செலவுக் கணக்கையும் நகராட்சிக்குக் கொடுத்துவிடுகின்றன. பள்ளி வழியாகத் தாள் அனுப்பப் பள்ளி மாவட்டத்தின் அனுமதி, அரங்குக்குக் காப்பீட்டுச் சான்று என்று ஒவ்வொன்றுக்கும் வாரக்கணக்கில் ஆகும். ஏப்ரல் நிகழ்ச்சியை பிப்ரவரியில் தொடங்குபவர்களுக்கு மிஞ்சுவது முகநூல் பதிவு மட்டுமே, அதுவும் ஏற்கெனவே பின்தொடர்பவர்களுக்கு.

பெரிய ஓட்டை இதுதான்: வந்தவர்களே திரும்பத் திரும்ப வருகிறார்கள். வார இறுதித் தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் பெற்றோர் வளாகத்திலேயே காத்திருக்கிறார்கள். பீப்பாய்ப் பட்டறைக்கு அதைவிட நல்ல இடமும் நேரமும் கிடையாது. தமிழிலும் தெலுங்கிலும் குஜராத்தியிலும் ஒரு பக்கச் சீட்டு போதும், ஊருக்கு வந்து தங்கியிருக்கும் அம்மா அப்பாவும் படித்துக்கொள்வார்கள். தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர்கள் பல வீடுகளில் அவர்கள்தான்.

உறுப்பினர் ஆக அந்த ஊரில் வசித்தாக வேண்டும். காலியிடத்துக்கான விண்ணப்பம் நகராட்சி எழுத்தர் அலுவலகத்தில் கிடைக்கும். பெரும்பாலான ஊர்களில் நியமனங்கள் ஜனவரி முதல் வாரக் கூட்டத்தில் நடப்பதால் நவம்பருக்குள் கொடுத்துவிடுங்கள். அதற்கு முன் இரண்டு கூட்டங்களுக்குப் போய் உட்காருங்கள். பொதுமக்கள் பேசுவதற்கென்று நேரம் ஒதுக்குவார்கள். தமிழ்ப்பள்ளிப் பட்டறை யோசனையை அங்கேயே எழுந்து சொல்லலாம்.