கோட்டையா, காங்கேசன்துறையா?

கடலும் இடிபாடும் சேர்ந்த ஒரு சின்ன நடைக்கு யாழ்ப்பாணக் கோட்டையா, வடக்குக் கரையில் உள்ள காங்கேசன்துறையா நல்லது என்று ஊருக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள்.

போய்ச்சேர: கோட்டை, யாழ். பஸ் நிலையத்திலிருந்து நடைதூரம். காங்கேசன்துறைக்கு பஸ், ரயில் இரண்டும் உண்டு. வடக்கு ரயில் பாதை முடிவதே அங்கேதான்.

பார்க்க: கோட்டையைப் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கேயர் தொடங்கினார்கள், 1658 இல் பிடித்த ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) ஐந்து முனையாகப் பெருப்பித்தார்கள். மதிலுக்குக் கிட்டப் போனால் முருகைக்கல்லில் (பவளப்பாறைக் கல்) நுணுக்கமான துளைகள் தெரியும். ஒல்லாந்தர் தேவாலயம் யுத்தத்தில் நொறுங்கிக் கற்குவியலாகக் கிடக்கிறது. காங்கேசன்துறையில் 1950 இல் தொடங்கி 1990 இல் யுத்தத்தால் நின்ற சீமெந்து ஆலை. சுற்றுவட்டாரச் சுண்ணாம்புக் கல்லைத் தோண்டியே ஓடிய ஆலை. அந்தப் பள்ளங்களையும் பாருங்கள்.

தடை: கோட்டையில் வெயில் மட்டும்தான் (அதுவே போதும்!). காங்கேசன்துறையில் இராணுவத்திடம் இன்னும் இடங்கள் உள்ளன. பலகையைப் பார்த்து நடக்கவும், படம் எடுக்குமுன் கேட்கவும்.

பிள்ளைகள், வயதானவர்கள் என்றால் பின்னேரம் கோட்டை. அரைநாள் இருந்தால் என் தெரிவு காங்கேசன்துறை. அப்புறம் பக்கத்தில் கடலோரம் உள்ள கீரிமலை நன்னீர்க் கேணியில் ஒரு முழுக்கும் போடலாம்.