அழகாபுரத்தில் ஒரு ‘சொதப்பின கேக்’ வகுப்பு: 1,200 ரூபாய்க்குத் தகுமா?

சேலத்தில் கேக் செய்யக் கற்றுத்தருகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஃபேர்லேண்ட்ஸ், ஸ்வர்ணபுரி, அஸ்தம்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் ஒருவர் இருக்கிறார். சொதப்பின கேக்கை என்ன செய்வது என்று கற்றுத்தருகிற ஆள், எனக்குத் தெரிந்து, அழகாபுரத்தில் ஒரு மாடி வீட்டில் இருக்கும் இந்த அம்மா மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஆரம்பித்து மதியம் இரண்டு வரை நடக்கிறது. கட்டணம் 1,200 ரூபாய். சாமான் எல்லாம் அவர்களுடையது, செய்ததை வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு வரலாம்.

நான் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜவ்வரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறவன். வீட்டில் கேக் ஆர்டர் எடுப்பது என் மனைவி. வகுப்புக்குப் பணம் கட்டியதும் அவள்தான். அன்றைக்கென்று பார்த்து ஒரு பிறந்தநாள் ஆர்டர் வந்துவிடவே, “கட்டின காசு வீணாகக் கூடாது, நீங்க போய் எழுதிட்டு வாங்க” என்று என்னை அனுப்பிவிட்டாள். எட்டுப் பேரில் நான் ஒருவன்தான் ஆம்பளை. ஆகவே இதில் கைப்பக்குவம் கொஞ்சம் குறைவாகவும் கணக்கு கொஞ்சம் தூக்கலாகவும் இருக்கும்.

உள்ளே நுழைந்ததும் மேசையில் வரிசையாகச் சேதாரம். நடுவில் குழி விழுந்த கேக், தொட்டால் உதிர்கிற கேக், தட்டு முழுக்கப் படர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட பிஸ்கட், அடித்து அடித்துத் திரிதிரியாகிப்போன க்ரீம். எல்லாம் வேண்டுமென்றே கெடுத்தவை. முந்தின நாள் உட்கார்ந்து இத்தனையையும் பக்குவமாகக் கெடுக்கவே தனித் திறமை வேண்டும்.

சாக்லேட்டை மட்டும் எங்கள் கண்முன்னே கெடுத்தார். சுடுதண்ணீர் மேல் பாத்திரம் வைத்து உருக்கினார். பளபளவென்று நாடா மாதிரி வழிந்துகொண்டிருந்தது. ஈரக் கரண்டி ஒன்றை உள்ளே விட்டு நாலு சுற்று சுற்றினார். அவ்வளவுதான், மினுமினுப்பு போய், ஈரமண் போலச் சொரசொரப்பாகக் கரண்டியில் அப்பிக்கொண்டது. சாக்லேட்டில் தண்ணீரே கிடையாது, சொட்டு ஈரம் பட்டால் சர்க்கரையும் கோகோவும் ஒன்றாய்த் திரண்டுவிடும் என்றார். பயந்துபோய்த் தூக்கிப் போடுகிறவர்கள்தான் அதிகமாம். அவர் சூடான பாலை ஒவ்வொரு கரண்டியாக ஊற்றிக் கிளறினார். முதல் கரண்டிக்கு இன்னும் மோசமானது. இரண்டாவதுக்கும் அப்படியே. பக்கத்திலிருந்த அக்கா “போச்சு” என்றே சொல்லிவிட்டார். அதற்கப்புறம் சட்டென்று இளகி, பழைய மினுமினுப்போடு குழம்புப் பதத்துக்கு வந்துவிட்டது. கொஞ்சம் தண்ணீர்தான் அதற்குப் பகை, தாராளமாகக் கொடுத்தால் வழிக்கு வந்துவிடுகிறது. ஆனால் இனி அது அச்சில் ஊற்றினால் இறுகாது, கேக்மேல் ஊற்றவும் பாலில் கலக்கவும்தான் ஆகும் என்பதையும் மறக்காமல் சொன்னார்.

ஏற்காட்டில் விருந்தினர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிற ஒரு பெண் வந்திருந்தார். இருபது கொண்டை ஊசி வளைவையும் தாண்டி, எவர்சில்வர் டப்பாவில் தன் கேக்கையே கொண்டுவந்திருந்தார். அதுவும் நடுவில் குழி.

“இதே அளவு, இதே ஓவன்தான்க்கா. கீழ எங்கம்மா வீட்ல செஞ்சா நல்லா எழும்பி வருது. மேல போனா உக்காந்துக்குது.”

“உன்மேல தப்பில்ல கண்ணு, மலைமேல தப்பு” என்றார் அந்த அம்மா.

வகுப்பிலேயே நல்ல பகுதி இதுதான். சேலம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே காற்றழுத்தம் குறைவு, அதனால் பேக்கிங் பவுடர் விடும் வாயு அதிகமாக விரிகிறது. தண்ணீரும் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். மாவு வெந்து இறுகுவதற்குள் கேக் அவசரப்பட்டு எழும்பி, தாங்க ஆளில்லாமல் உட்கார்ந்துவிடுகிறது. பேக்கிங் பவுடரில் கால் பங்கைக் குறை, பால் இரண்டு கரண்டி கூட்டு, ஓவன் சூட்டைப் பத்து டிகிரி ஏற்று, சர்க்கரையிலும் ஒரு கரண்டி பிடித்துக்கொள் என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்.

சரி, டப்பாவில் இருப்பதை என்ன செய்வது? ஓரத்தை வட்டமாக வெட்டி எடுத்தார். அது நன்றாக வெந்த பகுதி. அதைத் துண்டு போட்டு 150 டிகிரியில் மொறுமொறுப்பாகும்வரை விட்டால் கேக் ரஸ்க். நடுப்பகுதி களியாக இருந்தது. முட்டை சரியாக வேகாத மாவு அது, அப்படியே உருட்டி லட்டு பிடிக்கிற வேலை மட்டும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னார். இருநூறு கிராம் உதிர்த்து, அரை லிட்டர் பால், மூன்று முட்டையோடு அடித்து, சர்க்கரைப் பாகு காய்ச்சி ஊற்றிய கிண்ணத்தில் விட்டு, மேலே தட்டு மூடி, இட்லிப் பானையில் அரை மணி நேரம் ஆவியில் வைத்தார். சர்க்கரை தனியாகப் போடவே இல்லை, கேக்கிலேயே வேண்டிய மட்டும் இருக்கிறதே. கத்தி விட்டுப் பார்த்து ஒட்டாமல் வந்ததும் இறக்கிக் கவிழ்த்தார், புட்டிங் தயார். ஏற்காட்டுக்காரம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அடுத்தது என் சரக்கு. உதிர்கிற கேக்கோடு ஜவ்வரிசி. நைலான் ஜவ்வரிசி நூறு கிராமை ஊறவைத்து, பாலும் தண்ணீருமாகக் கண்ணாடிபோல் வேகவிட்டு, சூடு ஆறின அப்புறம் வெல்லப்பாகு சேர்த்தார். கொதிக்கும்போதே வெல்லம் போட்டால் பால் திரிந்துவிடும். டம்ளரில் ஒரு அடுக்கு கேக் தூள், அதன்மேல் ஏற்காட்டுக் காபி டிகாக்‌ஷன் இரண்டு கரண்டி, அப்புறம் ஜவ்வரிசி, மேலே மாம்பழத் துண்டு. மல்கோவா வரத்து இருந்த சமயம் என்பதால் பழத்துக்குக் குறையில்லை. காய்ந்த கேக்குக்கு டிகாக்‌ஷன்தான் உயிர் கொடுக்கிறது. அந்தக் கசப்பு இல்லாவிட்டால் வெறும் இனிப்புமேல் இனிப்பாகிவிடும். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் ஊர் ஜவ்வரிசியைப் பாயசத்துக்கும் வடாமுக்கும்தான் இதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி கணக்கு. ஒரு கிலோ கேக்குக்குள் போகிற வெண்ணெய், முட்டை, மைதா, சர்க்கரை எல்லாம் சேர்த்து நானூறு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதியை மீட்க ஜவ்வரிசி, பால், வெல்லம் எல்லாம் அறுபது ரூபாயில் முடிந்துவிடும். தாராளமாகப் போடலாம். ஆனால் அன்று காட்டிய இன்னொரு அயிட்டம், பிஸ்கட் தூள் மேல் க்ரீம் சீஸும் கண்டென்ஸ்டு மில்க்கும் அடுக்கிய கிண்ணம். அதற்கு உள்ளே போன சரக்கு மட்டும் முந்நூறைத் தாண்டும். அறுபது ரூபாய் பிஸ்கட்டைக் காப்பாற்ற முந்நூறு ரூபாயா? கேட்டேவிட்டேன். “விக்கறவங்களுக்குக் கட்டும் தம்பி. வீட்டுக்குன்னா ஜவ்வரிசியோட நிறுத்திக்கோங்க” என்றார். மழுப்பாமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. இந்த வகுப்பில் பலகாரத்தைவிட இந்தக் கணக்குதான் முக்கியம் என்று நினைக்கிறேன். மீட்கப் போடும் காசு, மீளும் காசைவிடக் குறைவாக இருக்க வேண்டும்.

க்ரீம் விஷயத்தில் ஆர்டர் எடுக்கிறவர்கள் கவனிக்க ஒன்று இருக்கிறது. பால் க்ரீமை அளவுக்கு மீறி அடித்தால் வெண்ணெயும் மோருமாகப் பிரியும். கழுவி எடுத்தால் நல்ல வெண்ணெய், உருக்கினால் நெய். ஆனால் நம்மூரில் பெரும்பாலோர் வாங்குவது தாவர எண்ணெயில் செய்த விப்பிங் க்ரீம். அதை எத்தனை நேரம் அடித்தாலும் வெண்ணெய் வராது. ஆறிய சாக்லேட் குழம்பில் கலந்து தீர்க்க வேண்டியதுதான்.

எதைக் குப்பையில் போட வேண்டும் என்பதற்கும் அரை மணி நேரம் ஒதுக்கினார். சர்க்கரைக்குப் பதில் உப்பு விழுந்தது, சோடா மாவு கூடிச் சோப்பு மாதிரி ருசிப்பது, உள்வரை கருகிக் கசப்பது, எண்ணெய் சிக்கு வாடை அடிப்பது: இவற்றை எதில் கலந்தாலும் அதையும் சேர்த்துக் கெடுக்கும். சேலத்து மே மாதத்தில் ஒரு மணி நேரத்துக்குமேல் வெளியே கிடந்த க்ரீம் கேக்கையும் தொடக்கூடாது. மீட்டதை விற்றால் வாங்குகிறவரிடம் சொல்லிவிட்டு விற்க வேண்டும் என்பதையும் சொன்னார்.

குறைகளும் உண்டு. எட்டுப் பேருக்கு ஒரே ஒரு சின்ன ஓவன். ரஸ்க் வெளியே வருவதற்குள் கால் கடுத்துவிட்டது. அச்சடித்த குறிப்பு எதுவும் தருவதில்லை, அவர் வேகத்துக்கு எழுதிக்கொள்ள வேண்டும். ஏற்காட்டு அளவுகளை நான் பக்கத்து நோட்டைப் பார்த்துத்தான் எழுதினேன். முட்டை சேர்க்காதவர்களுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. ஒருவர் கேட்டதற்குக் “கஸ்டர்ட் பவுடர் போட்டுக்கலாம்” என்று ஒரே வரியில் தாண்டிவிட்டார். நன்றாக வெந்த கேக்கை உதிர்த்துப் பிடித்துக் கொடுத்த லட்டு திகட்டல். இரண்டு கடிக்குமேல் போகவில்லை.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். ஆர்டர் எடுத்துச் செய்கிறவர்களுக்குப் போட்ட காசு போகப்போகத் திரும்பிவிடும். எப்போதாவது பிறந்தநாளுக்கு மட்டும் செய்கிறவர்கள் 1,200 கொடுத்துப் போக வேண்டிய அவசியம் இல்லை.

பெயரும் போன் நம்பரும் போட வேண்டாம் என்று அந்த அம்மா கேட்டுக்கொண்டார். அழகாபுரம் பக்கம் கேக் சாமான் விற்கிற கடைகளில் விசாரித்தால் சொல்வார்கள். மூடி இறுக்கமான டப்பா இரண்டு கொண்டுபோங்கள், அங்கே தருகிற காகிதப் பெட்டியில் புட்டிங் நிற்காது. ஏற்காட்டிலிருந்து வருகிறவர்கள் உங்கள் ஓவன் சூட்டையும் பேக்கிங் பவுடர் அளவையும் முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் கேள்வியே அதுதான் வரும்.