ஜாவா மாஸா, கிறிஸ்துமஸ் மாஸா?

முதன்முதலாக மீன் தொட்டியில் மாஸ் என்னும் குட்டிப் பாசிச்செடி வளர்ப்பவருக்கு, ஜாவா, கிறிஸ்துமஸ் என்ற இரு வகைகளில் நான் ஜாவாவைத்தான் சொல்வேன். மங்கலான வெளிச்சமே போதும். தண்ணீர் 28 டிகிரி வரை சூடானாலும் தாங்கும். ஆனால் வளர்வதில் ஒழுங்கு கிடையாது, இழைகள் நாலாபக்கமும் ஓடும். கல்லில் பிடிப்பும் தளர்வுதான். கல்லோடு சேர்த்துக் கட்டிய நூலைச் சீக்கிரம் அவிழ்த்தால் கொத்தாக மிதந்து வந்துவிடும்.

கிறிஸ்துமஸ் மாஸைக் கண்ணாடியோடு முகம் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு கிளையும் அடியில் விரிந்து நுனியில் குறுகி, குட்டி ஊசியிலை மரம்போல முக்கோணமாகத் தொங்கும். மரக்கட்டையை இறுகப் பற்றி, அடுக்கடுக்காகக் கவிந்து நிற்கும்போது கண்ணை எடுக்க மனம் வராது. அதற்குப் பொறுமை வேண்டும். வளர்ச்சி மெதுவானது, தண்ணீர் 25 டிகிரியைத் தாண்டாமல் இருப்பது நல்லது. வெளிச்சம் குறைந்தால் அந்த முக்கோண அழகே கலைந்து, மெலிந்த இழைகளாகிவிடும்.

இரண்டுக்கும் வேர் இல்லை, மண்ணும் வேண்டாம். இறால் குஞ்சுகள் இரண்டிலும் ஒளிந்து மேயும். இறால் மட்டுமே வளர்ப்பதென்றால் ஜாவாவே போதும். மரக்கட்டையை அலங்கரிக்க என்றால் காத்திருந்தாவது கிறிஸ்துமஸ் மாஸையே வைப்பேன். எதை வைத்தாலும் வெளிச்சத்தை அளவுக்கு மீறிக் கூட்டாதீர்கள்: நூல்போலப் படரும் வேண்டாத நூல்பாசி மாஸுக்குள்ளே புகுந்தால் இழை இழையாகப் பிரித்தெடுப்பது பெரும்பாடு.